சின்னச் சண்டை போடும் உரிமை

ஒரு காதல் கதை சொல்லட்டுமா? கற்பனைதான். ஆனால் இந்த மாதிரிக் கதைகள் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இப்போது சக்கைப்போடு போடுகின்றன. ரயில் கிளம்பும்போது ஆரம்பித்தால் இறங்குவதற்குள் முடித்துவிடலாம். யாரும் சாகமாட்டார்கள். அது உத்தரவாதம்.

லண்டனிலிருந்து தெற்கே ரயிலில் ஒரு மணி நேரம் போனால் பிரைட்டன். கடற்கரை ஊர். மணலுக்குப் பதில் கூழாங்கல். ஊர் நடுவில், நம்மூர் நவாப் அரண்மனை ஒன்று வழிதவறிப் போய் நின்றுவிட்ட மாதிரி குமிழ் குமிழாகக் கோபுரங்களோடு ஓர் அரண்மனை. அதற்குக் கொஞ்சம் தள்ளி, நார்த் லேன் என்ற பகுதியில் குறுகலான தெருக்கள். அங்கேதான் நம் கதையின் கடை. பழைய துணிக் கடை.

பழைய துணி என்றதும் முகத்தைச் சுளிக்காதீர்கள். நமக்குப் பழைய துணி என்றால் எவர்சில்வர் பாத்திரம். இரண்டு பட்டுப்புடவை, நாலு பேன்ட் போட்டு ஒரு தூக்குச்சட்டி வாங்க மத்தியானம் முழுக்கப் பேரம் நடக்கும். அடுத்தவர் போட்ட துணியைக் காசு கொடுத்து வாங்கிப் போடுவதென்றால் உடம்பு கூசும். போட்டவர் செத்தும் போயிருந்தால் கேட்கவே வேண்டாம். அங்கே தலைகீழ். 'விண்டேஜ்' என்று பெயர் வைத்துவிட்டால் தாத்தாவின் கோட்டு பேரனின் கோட்டைவிட விலை அதிகம்.

கடைக்காரனுக்கு முப்பது வயது. பழசு என்றால் உயிர். நம் வசதிக்கு 'பழசு' என்றே கூப்பிடுவோம். ஒருநாள் கடைக்குள் ஒருவன் நுழைகிறான். தொழில், கணக்குத் தணிக்கை. அலமாரியில் ஒரே நிறத்தில், ஒரே அளவில் ஆறு சட்டை வைத்திருப்பவன். 'எதைப் போடுவது என்று யோசிக்கிற நேரம் மிச்சம்' என்பது அவன் சித்தாந்தம். அவன் பெயர் 'கணக்கு'. தங்கைக்குக் கல்யாணம். பழைய பாணியில்தான் எல்லோரும் உடுத்தி வரவேண்டும் என்று அவள் உத்தரவு. வேறு வழியில்லாமல் வந்திருக்கிறான்.

"ஏங்க, இது நல்லா தோய்ச்சதுதானே?"

"தோய்ச்சாச்சு. ஆனா, வரலாற்றைத் தோய்க்க முடியாதுங்க."

"அது என்ன வாசனை?"

"பாச்சை உருண்டை."

"நான் வரலாறுன்னு நினைச்சேன்."

காதல் ஆரம்பித்துவிட்டது என்பது உங்களுக்கே புரிந்திருக்கும். மூன்றாவது தடவை அவன் கடைக்கு வரும்போது 'நீங்க' போய் 'நீ' வந்துவிடுகிறது. (அவர்கள் பேசுவது இங்கிலீஷில். அதில் 'யூ' ஒன்றுதான். இந்த 'நீங்க', 'நீ' வசதி இல்லாமல் எந்த நிமிஷத்தில் காதல் வந்தது என்று எப்படித்தான் கண்டுபிடிக்கிறார்களோ!)

*

எதிரெதிர் குணங்கள் ஒன்றையொன்று இழுக்கும் என்று எல்லா ஊரிலும் சொல்கிறார்கள். காந்தத்துக்கு அது உண்மை. மனிதர்களுக்கு? 1960-களிலிருந்து இதை ஆராய்ந்த மனோதத்துவக்காரர்கள் பெரும்பாலும் வேறு மாதிரிச் சொல்கிறார்கள். நம்மைப்போல நினைப்பவர்களைத்தான் நமக்குப் பிடிக்கிறது. அரிஸ்டாட்டிலும் நல்ல நட்பு என்பது குணத்தில் ஒத்தவர்களுக்குள் வருவது என்றார். பிளேட்டோவின் 'சிம்போசியம்' நூலில் அரிஸ்டோஃபனீஸ் ஒரு வேடிக்கைக் கதை சொல்கிறார். ஆதியில் மனிதர்கள் இரட்டை இரட்டையாக இருந்தார்களாம். நாலு கை, நாலு கால். ஆணும் ஆணும் சேர்ந்த ஜோடி, பெண்ணும் பெண்ணும் சேர்ந்த ஜோடி, ஆணும் பெண்ணும் சேர்ந்த ஜோடி என்று மூன்று வகை. திமிர் ஏறிப் போனதால் கடவுள் இரண்டாக வெட்டிவிட்டார். அன்றைக்குத் தொலைந்த பாதியைத்தான் ஒவ்வொருவரும் தேடிக்கொண்டிருக்கிறோம்.

அப்படியானால் காதல் கதைகளில் மட்டும் ஏன் எதிரெதிர் குணங்கள்? கொஞ்சம் உற்றுப் பார்த்தால் தெரியும். அந்தக் கதைகளில் எதிரெதிராக இருப்பவை எல்லாம் சின்ன விஷயங்கள். ஒருத்திக்குக் காபி, ஒருத்தனுக்கு டீ. ஒருவனுக்குப் பழசு, ஒருவனுக்குப் புதுசு. அன்பு, நேர்மை, உண்மை மாதிரிப் பெரிய விஷயங்களில் இருவரும் ஒரே கட்சி. பெரிசில் ஒத்துப்போனவர்களுக்குத்தான் சின்னதில் சண்டை போடும் சௌகரியம் கிடைக்கிறது.

இந்தச் சௌகரியத்தைப் பற்றித்தான் இந்த வாரம் உங்களோடு பேச நினைத்தேன். கடைக்குத் திரும்புவோம்.

*

தங்கை கல்யாணத்துக்காகப் பழசு தேர்ந்தெடுத்து வைத்திருந்தது ஒரு கோட்டு-பேன்ட் ஜோடி. கோட்டின் உட்பக்கம் சின்ன லேபிள். அதில் 'சிசி41' என்ற முத்திரை. இரண்டு 'சி'யும் நறுக்கி எடுத்த பாலாடைக்கட்டி மாதிரி இருக்கும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டனில் துணிக்கு ரேஷன். 1941 ஜூனில் ஆரம்பித்து 1949 வரை நீடித்தது. அப்போது அரசாங்கம் வகுத்த அளவுப்படி, சிக்கனமாகத் தைத்த உடைகளுக்கு அந்த முத்திரை. பாக்கெட்டுக்குக்கூடக் கட்டுப்பாடு. பேன்ட்டின் காலடியில் வெளிப்பக்கம் மடித்துத் தைப்பார்களே, அந்த மடிப்பையும் 1942-ல் தடை செய்தார்கள். துணி வீணாம். ஆங்கிலேயர் குண்டு விழுந்தபோதுகூடப் பொறுத்தார்கள், இதைப் பொறுக்கவில்லை. வேண்டுமென்றே நீளமான பேன்ட் வாங்கி, வீட்டில் மடித்துத் தைத்துக்கொண்டார்கள்.

இதையெல்லாம் பழசு கண்கள் பளபளக்கச் சொல்கிறான். "என்ன காலம்ல அது! 1942-ல தைச்சது. அந்தக் காலத்துல பொறந்திருக்கலாம்!"

கணக்கு கோட்டைக் கழற்றி மேஜைமேல் வைக்கிறான்.

"1942-ல இதைப் போட்டுக்கிட்டு நாம ரெண்டு பேரும் கையைப் பிடிச்சிருந்தா என்ன ஆகியிருக்கும்? ஜெயில். இது தைச்சு இருபத்தஞ்சு வருஷம் கழிச்சுத்தான் சட்டம் மாறிச்சு. உன் பொற்காலத்துல நமக்கு இடம் கிடையாதுப்பா."

கணக்கன் அல்லவா, கூட்டல் சரியாக இருக்கிறது. 1885-ல் வந்த ஒரு சட்டத் திருத்தம், ஆணும் ஆணும் நெருங்கிப் பழகுவதை, நாலு சுவருக்குள்ளே என்றாலும், குற்றமாக்கியது. அந்தச் சட்டத்தில்தான் 1895-ல் ஆஸ்கர் வைல்டுக்கு இரண்டு வருடக் கடுங்காவல். ஆலன் டூரிங்கை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஜெர்மானியரின் எனிக்மா சங்கேதத்தை உடைப்பதில் பெரும் பங்கு வகித்தவர், கம்ப்யூட்டர் இயலின் முன்னோடி. 1952-ல் அதே சட்டத்தில் தண்டிக்கப்பட்டார். சிறைக்குப் பதிலாக ஹார்மோன் சிகிச்சை. 1954-ல் இறந்தார். அதே 1954-ல் மான்டேகு பிரபுவுக்கு 12 மாதச் சிறை. பிரபுவாக இருந்தும் தப்பவில்லை. 1957-ல் வொல்ஃபென்டன் குழு, இது குற்றமாக இருக்கக் கூடாது என்று அறிக்கை கொடுத்தது. அரசு பத்து வருடம் யோசித்தது. 1967-ல்தான், இங்கிலாந்திலும் வேல்ஸிலும், 21 வயது தாண்டிய ஆண்களுக்கு, தனிமையில் மட்டும் என்ற நிபந்தனைகளோடு சட்டம் தளர்ந்தது. டூரிங்குக்கு 2013-ல் மன்னிப்பு வந்தது. 2021-ல் 50 பவுண்டு நோட்டில் அவர் படமும் வந்தது. வாங்கிக்கொள்ளத்தான் ஆள் இல்லை.

இத்தனையும் ஒரு லேபிளுக்குப் பின்னால் இருக்கிறது.

*

அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட ஜோடிகளே இல்லையா? இருந்தார்கள். ஒரு ஜோடியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எட்வர்ட் கார்பென்டர். நம் கதையின் பிரைட்டனை ஒட்டிய ஹோவ் என்ற ஊரில் 1844-ல் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் படித்துப் பாதிரியாராக இருந்து, அதை விட்டுவிட்டு எழுத்தாளராகவும் சோஷலிஸ்டாகவும் ஆனவர். கேம்பிரிட்ஜில் அவருடைய நண்பர் நம் பொன்னம்பலம் அருணாசலம். ஆமாம், பின்னாளில் இலங்கைத் தேசிய காங்கிரஸின் முதல் தலைவரான அதே சர் அருணாசலம்தான். அவர் அழைத்து, 1890-ல் கார்பென்டர் இலங்கைக்கு வந்து ஒரு தமிழ் ஞானியின் காலடியில் உட்கார்ந்து பாடம் கேட்டார்.

ஊர் திரும்பியதும் 1891-ல் ரயிலில் ஒருவரைச் சந்தித்தார். ஜார்ஜ் மெரில். ஷெஃபீல்டின் சேரியில் வளர்ந்தவர், முறையான படிப்பு கிடையாது. ஒருவர் கேம்பிரிட்ஜ், ஒருவர் கூலி வேலை. இதைவிட எதிரெதிர் உண்டா? 1898-லிருந்து மில்தார்ப் என்ற கிராமத்தில் ஒரே வீட்டில் வாழ்ந்தார்கள். வைல்டை உள்ளே தள்ளிய அதே சட்டத்தின் கீழ்! மெரில் வீட்டைப் பார்த்துக்கொண்டார். கார்பென்டர் எழுதினார், தோட்ட வேலை செய்தார், செருப்புத் தைத்தார். உண்மையாகவே. காஷ்மீரிலிருந்து நண்பர் அனுப்பிய ஒரு ஜோடிச் செருப்பை மாதிரியாக வைத்து விரல் தெரியும் செருப்புகள் தைத்தார். தோல் ஷூக்கள் காலுக்குச் சவப்பெட்டி என்பது அவர் கட்சி. 1928-ல் மெரில் இறந்தார், அடுத்த வருடம் கார்பென்டர். கில்ஃபோர்டில் இருவரும் ஒரே கல்லறையில் இருக்கிறார்கள்.

1913-ல் அந்த வீட்டுக்கு ஒரு விருந்தாளி வந்தார். 'ஏ பாஸேஜ் டு இந்தியா' நாவலைப் பின்னால் எழுதப்போகிற ஈ.எம்.ஃபார்ஸ்டர். இந்த இருவரும் வாழ்வதைப் பார்த்துவிட்டுப் போய் உட்கார்ந்து ஒரு நாவல் எழுதினார். பெயர் 'மாரிஸ்'. பங்குத் தரகனான ஒருவனுக்கும் வேட்டைக்காட்டைக் காவல் காக்கும் வேலையாளுக்கும் காதல். 1914-ல் எழுதி முடித்தார். வெளியானது 1971-ல், ஃபார்ஸ்டர் இறந்து ஒரு வருடம் கழித்து. இடைப்பட்ட காலமெல்லாம் வீட்டுக்குள்ளேயே பூட்டியிருந்தது. நெருங்கிய நண்பர்கள் மட்டும் கையெழுத்துப் பிரதியைப் படித்தார்கள்.

ஏன்? ஃபார்ஸ்டரே பின்குறிப்பில் காரணம் சொல்லியிருக்கிறார். கதை சுபமாக முடிகிறது. அதுதான் சிக்கல். காதலர்கள் தூக்கில் தொங்கியிருந்தால் வெளியிடுவதில் தொல்லை இருந்திருக்காது என்கிற பொருளில் எழுதுகிறார். யோசித்துப் பாருங்கள். இவர்கள் அழுதால் சமூகம் பரிதாபப்படத் தயார். செத்தால் கண்ணீர் விடத் தயார். சிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போனால்தான் பொறுக்காது.

*

கொஞ்சம் நம்மூருக்கு வாருங்கள். எனக்குத் தெரிந்த ஒரு தம்பதி, வேறு வேறு சாதி. இரண்டு வீட்டையும் எதிர்த்துக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். 'இருபது வருஷமா ஒரு சத்தம் கேட்டதில்லை, என்ன ஒத்துமை!' என்று ஒருநாள் பாராட்டினேன். அந்த அம்மா சிரித்தார்.

"ஒத்துமை இல்லைங்க, பயம். நாங்க சத்தம் போட்டா ரெண்டு பக்கமும் 'அப்பவே சொன்னோமே'னு வந்து நிப்பாங்க. உப்பு ஜாஸ்தின்னுகூட இவர் சொல்லமாட்டார். எனக்கும் ஒருநாள் நல்லா கத்திச் சண்டை போடணும்னு ஆசைதான்."

அன்றைக்குத்தான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. சண்டைகூட ஒரு சொத்து. எல்லோருக்கும் அது கிடைப்பதில்லை. பெரிய பிரச்னை தலைமேல் நிற்கிறபோது சின்னப் பிரச்னைக்கு வீட்டில் இடமில்லை. எப்போதும் மகா காதலர்களாகவே இருந்தாக வேண்டும். லைலா-மஜ்னு வேஷத்தைக் கலைக்கவே முடியாது. மனிதனுக்கு அது எவ்வளவு பெரிய தண்டனை!

உரிமை என்றால் நாம் பெரிசாகத்தான் நினைக்கிறோம். ஓட்டு, பேச்சு, சொத்து. இவையெல்லாம் கிடைத்த பிறகு கடைசியாக வருகிற ஓர் உரிமை உண்டு. சாதாரணமாக இருக்கும் உரிமை. பாச்சை உருண்டை வாசனைக்காக முகத்தைத் திருப்பிக்கொள்ளும் உரிமை. எந்த மனிதர்களைப் பற்றி லேசான கதைகள் வருகின்றன, எவரைப் பற்றி சோகக் கதைகள் மட்டும் வருகின்றன என்று பார்த்தாலே ஒரு ஊர் யாரை எங்கே வைத்திருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

நாம் எங்கே வைத்திருக்கிறோம்? 1860-ல் வெள்ளைக்காரர்கள் இயற்றிய தண்டனைச் சட்டத்தில் 377 என்று ஒரு பிரிவு. அவர்கள் தங்கள் ஊரில் 1967-ல் இதைத் தளர்த்திவிட்டார்கள். நாம் விடவில்லை. 2009-ல் டெல்லி உயர் நீதிமன்றம் தளர்த்தியது. 2013-ல் உச்ச நீதிமன்றம் மறுபடி இறுக்கியது. 2018 செப்டம்பர் 6-ம் தேதி அதே உச்ச நீதிமன்றம், வயது வந்தவர்கள் மனமொத்து வாழ்வது குற்றமல்ல என்றது. அவர்கள் கழற்றிப் போட்ட சட்டையை 51 வருடம் நம் பண்பாட்டு உடை என்று போட்டுக்கொண்டிருந்தோம். அதுவும் ஒரு விண்டேஜ்தான்!

2021-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் இரண்டு பெண்கள் பாதுகாப்புக் கேட்டு வந்தார்கள். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் செய்த காரியம் எனக்குப் பிடித்தது. தனக்கே இந்த விஷயம் முழுதாகப் புரியவில்லை என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டு, பிறகு தீர்ப்பெழுதினார். 2023-ல் திருமண உரிமை கேட்டுப் போனவர்களுக்கு உச்ச நீதிமன்றம் அதைத் தரவில்லை. ஆக, பிரைட்டன் கடையில் நடக்கிற சண்டை நம்மூர் அண்ணா நகரிலோ அனுப்பானடியிலோ நடக்க இன்னும் நாளாகும்.

*

நீங்கள் ஒன்று கேட்கலாம். 'இத்தனை பேர் சிறைக்குப் போயிருக்கிறார்கள், செத்திருக்கிறார்கள். இப்போது கோட்டு, வாசனை என்று ஜாலியாகக் கதை எழுதினால், பட்டவர்களை மறந்த மாதிரி ஆகாதா?' நியாயமான கேள்வி. இதற்கு என்னைவிடப் பழசு நன்றாகப் பதில் சொல்கிறான். கணக்கு கோட்டைக் கழற்றி வைத்தானே, அங்கே விட்டோம்.

பழசு கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அந்தக் கோட்டைத் தடவிக்கொண்டே சொல்கிறான்:

"இதைப் போட்டவனும் நம்மள மாதிரி ஒருத்தனா இருந்திருக்கலாம், யார் கண்டா? அந்தக் காலம் எனக்கு வேணாம். ஆனா, அவன் கை பிடிச்சுக்கிட்டுப் போக முடியாத இடத்துக்கெல்லாம் அவன் கோட்டாவது போகட்டுமே."

கணக்குக்கு இதற்குப் பதில் தெரியவில்லை. கூட்டல் கழித்தலில் வராத விஷயம். பேசாமல் கோட்டை எடுத்துப் போட்டுக்கொள்கிறான். தோளுக்குச் சரியாக இருக்கிறது. கை மட்டும் இரண்டு அங்குலம் நீளம்.

"குறைச்சுத் தைச்சுடு."

"ஐயையோ! ஒரிஜினல் தையல். எண்பது வருஷமா யாரும் கத்திரி வெச்சதில்லை."

"அப்ப கையை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

"மடக்கி வெச்சுக்கோ."

"நான் என்ன குடையா?"

சண்டை மறுபடி சின்னதாகிவிட்டது. கவனித்தீர்களா? மறந்துவிடவில்லை. லேபிள் கோட்டுக்குள்ளேதான் இருக்கிறது. போட்டிருப்பவனுக்குத் தெரியும், கழுத்தில் லேசாக உரசிக்கொண்டே இருக்கும். அதற்காக லேபிளைப் பிய்த்து வெளியே நெஞ்சில் தைத்துக்கொண்டு வாழ்நாள் முழுக்க அலைய வேண்டியதில்லை. கோட்டுப் போட்டவன் கல்யாண வீட்டுக்குப் போகிறான். கேக் சாப்பிடட்டும்.

பட்டவர்களுக்குச் செய்கிற மரியாதை, அவர்களைப் போலவே பட்டுக்கொண்டிருப்பது அல்ல. அவர்களுக்குக் கிடைக்காத சாதாரண நாளை நன்றாக அனுபவிப்பதுதான்.

கடைசியில் ஒரு வயதான தையல்காரம்மா வழி சொல்கிறார். வெட்ட வேண்டாம், உள்ளே மடித்துக் கைத்தையல் போடலாம். வேண்டும்போது பிரித்துவிடலாம். இருவருமே தான்தான் ஜெயித்ததாக நினைத்துக்கொள்கிறார்கள். இல்லறத்தின் ரகசியமும் அதுதானே! பேன்ட்டின் காலடியையும் மடித்துத் தைக்கச் சொல்லிவிடுகிறான் கணக்கு. 1942-ல் தடை செய்யப்பட்ட அதே மடிப்பு. எவனுக்கோ மறுக்கப்பட்டது, எண்பது வருடம் கழித்து வருகிறது.

கல்யாணத்தில் தங்கை, அண்ணன் பக்கத்தில் நிற்பவனைப் பார்க்கிறாள். அண்ணனை மோந்து பார்க்கிறாள். "என்ன வாசனை இது?"

"வரலாறு" என்கிறான் கணக்கு.

கதை அவ்வளவுதான்.

உங்கள் வீட்டில் இன்றைக்கு என்ன சண்டை? ரிமோட்டா, ஃபேன் வேகமா, துண்டைக் கட்டில்மேல் போட்டதா? நன்றாகப் போடுங்கள். அதைப் போடக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். பக்கத்து வீட்டில் சத்தமே கேட்கவில்லை என்றால் மட்டும் ஒருதரம் யோசியுங்கள். 'அப்பவே சொன்னோமே' என்று சொல்ல நாம்தான் அங்கே காத்துக்கொண்டிருக்கிறோமோ?